சாமி கொண்டக்டரின் இரண்டாம் பாகம்

“காவல்காரனா? அவன் அப்பவே செத்துட்டான்” என்று திரையில் கதாநாயகன் சொன்னான். அவ்வளவுதான். எனக்குப் பக்கத்து ஸீட்டில் இருந்த தங்கம்மா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “அடி ஆத்தி!” என்று போட்ட கூச்சலில், தியேட்டர் முழுவதும் படத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. முன்வரிசைப் பொடியன்கள் விசில் அடித்தார்கள்.

அவர்கள் அடிப்பார்கள், அவர்களுக்கு என்ன! செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட காவல்காரன் தங்கம்மாவுக்கு அடுத்த ஸீட்டில் கடலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தார். மார்பு வரை தாடி, உச்சியில் கொண்டை. வாய்க்குக் கொண்டுபோன கடலை பாதி வழியில் நின்றுவிட்டது.

“என்னயவாக்கா சொல்றான்?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று எந்த வாயால் சொல்வது? நான் திரையைப் பார்த்தபடி இருந்துவிட்டேன்.

அவர் பெயர் சண்முகராஜா, மாத்தளையிலிருந்து வில்கமுவ ஓடும் ஜமால்தீன் முதலாளியின் பஸ்ஸில் கொண்டக்டர். என் மசாலா மில்லுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். மில் அரைக்கத் தொடங்கினால் அவர் வீட்டுச் சட்டிபானை ஆடும். அவர் பெண்சாதி தங்கம்மா கத்தத் தொடங்கினால் என் தராசு ஆடும். தங்கம்மா என்னிடம்தான் மிளகு புடைக்கிறாள், கராம்பு காயவைக்கிறாள். அவர்களுக்கு ஒரே மகள் சிவநந்தினி, டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. இந்த மூன்று பேரையும் ஒரு சினிமாப் படம் மூன்று வருஷமாக ஆட்டிவைத்தது என்று வெளியாட்களிடம் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்து ‘கானவல்லி கோட்டை’ என்று புதையல் தேடும் படம் ஒன்றை எடுத்தது. நாலந்தாவுக்குப் போகும் வழியில் ஆற்றோரம் இருக்கும் புளியடி அம்மன் கோயிலைத்தான் அந்தக் கோட்டை என்று காட்டினார்கள். கோட்டையாவது மண்ணாவது! தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் அது. கானவல்லி யார், எந்த ஊர்த் தெய்வம், அவளுக்கு எதற்குக் கோட்டை என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. கதை எழுதியவனுக்கே தெரியாது என்பது இரண்டாம் பாகத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

பஸ்ஸை நிறுத்தி வேடிக்கை பார்க்க இறங்கிய சண்முகராஜாவின் உயரத்தையும் மூக்கையும் கண்டு டிரெக்டர் அவரைக் கோயில் காவல்காரன் ஆக்கினார். ஒட்டுத் தாடி ஒட்டினார்கள், சவரி முடி வைத்தார்கள். கானவல்லியின் ஒட்டியாணத்தைத் திருடர்கள் கொண்டுபோனதும் காவல்காரன் சூடம் கொளுத்திச் சபதம் போடவேண்டும். “தாயே! ஒட்டியாணம் உன் இடுப்பில் ஏறும் வரை என் தலையிலும் தாடையிலும் கத்தி படாது!” படத்தில் அந்தக் குரல் இடி மாதிரி இருந்தது. முடிந்ததும் காவல்காரன் தூணில் இரண்டு முறை ஓங்கி அடிப்பார். அந்த அடிக்குத் தியேட்டரில் கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

முதல் பாகம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை சண்முகராஜா சவரம் செய்ய ரேசரை எடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

“என்னாங்க செய்யப் போறீங்க?”

“செரைக்கப் போறேன். வேலைக்குப் போவ வேணாமா?”

“அம்மனுக்கு முன்னால சூடம் கொளுத்திச் சொன்னது என்னா ஆவுறது?”

“அது படம் புள்ள. தாடியே ஒட்டுத் தாடி.”

“தாடிதான் ஒட்டு. சூடம் நெசச் சூடம்தானே? அம்மன் நெச அம்மன்தானே? அவ கமராவையா கண்டா? ஒங்க வாயத்தான் கண்டா. குடுங்க அந்த ரேசர.”

ஒட்டியாணம் இரண்டாம் பாகத்தில் கிடைக்கும் என்று படத்தின் கடைசியில் எழுத்துப் போட்டிருந்தார்கள். அது அம்மன் இடுப்பில் ஏறியதும் சபதம் தீரும், பிறகு சிரைக்கலாம் என்று அந்த வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

தாடி வளர்ந்தது, படம் வளரவில்லை. இந்த வருஷம் என்றார்கள், அடுத்த வருஷம் என்றார்கள். பஸ்ஸில் சனங்கள் ‘சாமி கொண்டக்டர்’ என்று கும்பிட ஆரம்பித்தார்கள். மனுஷன் வில்கமுவ வெயிலில் தாடிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே டிக்கட் கிழித்தார். இதற்கிடையில் நந்தினிக்கு ஒரு வரன் வந்தது. சபதத்தில் இருக்கிறவர் மணையில் உட்கார்ந்து மகளைத் தாரைவார்க்க ஏலாது என்று தங்கம்மா ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பாகம் வரட்டும் என்று கலியாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பம் இந்த உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகுதான் நிரஞ்சன். கலேவெலப் பையன், மரக்கறி லொறி ஓட்டுகிறான். நந்தினி தானே பார்த்துப் பிடித்துக்கொண்டது. “அந்தப் படம் வர்ற வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்கு மேல என்னால ஏலாது” என்று அவனுடைய அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆகவே அன்று தங்கம்மா, சண்முகராஜா, நந்தினி, நிரஞ்சன், நான் என்று ஐந்து பேர் தியேட்டருக்குப் போனது படம் பார்க்க அல்ல. ஒட்டியாணம் வருகிறதா என்று பார்க்க.

படம் விட்டதும் எதிர்த்தாற்போலிருந்த தேத்தண்ணிக் கடையில் போய் விழுந்தோம். ஆனி மாதக் காற்று வீதிப் புழுதியையெல்லாம் கடைக்குள் கொண்டுவந்து கொட்டியது. மேசையில் ரொட்டியும் கட்டசம்பலும் வந்தன. யாரும் கை வைக்கவில்லை.

நிரஞ்சன்தான் ஆரம்பித்தான். “மொத சீன்லயே ஒட்டியாணம் இடுப்புல இருந்திச்சே மாமி, பாத்தீங்கதானே?”

“பாத்தேன் தம்பி. வந்திருச்சின்னு கும்பிடக்கூடச் செஞ்சேனே!” என்றாள் தங்கம்மா.

“யாரு கொண்டாந்து போட்டா?”

“அதத்தான் காட்டவே இல்லியே.”

“பொறகு பாதியில வில்லன் அதே ஒட்டியாணத்தப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். அப்ப இடுப்புல கெடந்தது எது? கடைசில ஹீரோ வந்து, ஒட்டியாணம் கெடைக்கவே இல்ல, காவல்காரன் செத்துட்டான்ங்கிறான். எப்புடிச் செத்தான்? எங்க பொதைச்சாங்க? ஒரு சொல்லு இல்ல. மொதப் பாகத்துல கானவல்லி ஆத்துத் தெய்வம், ஊரக் காப்பாத்துறவ. இதுல நெருப்புத் தெய்வமாம், கண்ணத் தொறந்து ஊரையே எரிக்கிறா. ஏம்மா எரிக்கிறன்னு ஒரு நாய்கூடக் கேக்கல்ல.”

“அவ எரிக்கட்டும், இல்லாட்டி குளிக்கட்டும். சபதம் தீந்திச்சா இல்லியா? அதச் சொல்லுங்க.”

“இடுப்புல இருந்திச்சிதானேம்மா, தீந்திருச்சி” என்றாள் நந்தினி அவசரமாக.

“எப்புடிடி தீரும்? யாரு போட்டான்னும் தெரியல்ல, திருப்பி யாரு கழட்டுனான்னும் தெரியல்ல. இதுல, சபதத்துல இருக்கிற மனுசனச் செத்துட்டாருன்னு வேற சொல்லிப்புட்டான், நாசமாப் போறவன். சபதம் முடியாமச் செத்தா அது அந்த ஆளோட போவுமா, இல்ல புள்ள தலையில வந்து விடியுமா?”

“அப்ப இனி நான் தாடி வளக்கணுமா?” என்றாள் நந்தினி. சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நிரஞ்சனின் போன் மேசையில் கிடந்து அதிர்ந்தது. “அம்மா எடுக்கிறாங்க. படம் முடிஞ்சிச்சான்னு கேப்பாங்க” என்று அதைக் கவிழ்த்துவைத்தான். அதே கையோடு சண்முகராஜாவைப் பார்த்தான். “மாமா, இன்னொன்னு கேக்கணும். ஆரம்பத்துல பழைய சபத சீனத் திருப்பிப் போட்டாங்களே. கொரல் நின்ன பொறகும் ஒங்க தாடி ஆடிக்கிட்டே இருக்கு. அப்ப என்னா பேசினீங்க?”

சண்முகராஜா கிளாஸைக் கீழே வைத்தார்.

“தங்கம்” என்றார். “நான் சபதமே போடல்ல.”

“என்னாது?”

“வசனம் வாயில நிக்கல்ல. திருப்பித் திருப்பி எடுத்தாங்க. சூடம் அணையப் போவுது, வாயில வர்றத எதையாச்சும் சொல்லித் தொலைய்யா, வாய் அசைஞ்சாப் போதும், கொரல் வேற ஆளு குடுப்பான்னு டிரெக்டர் கத்துறான். எனக்கு அந்த நேரம் வேற என்னாத்த வரும்? ‘ஏறுங்க ஏறுங்க, பலாபத்வெல, மடவல, நாலந்தா, நாவுல, எலஹெர, வில்கமுவ! முன்னால சீட் இருக்கு, ஏறுங்க’ன்னேன். சொல்லி முடிஞ்சதும் பழக்கதோசத்துல தூண ரெண்டு தட்டுத் தட்டிட்டேன்.”

கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் டிரைவருக்குப் போகலாம் என்று அர்த்தம். ஊரே கைதட்டிய அடி அதுதான்! என் கையிலிருந்த தேத்தண்ணி சேலையில் கொட்டியதுகூட எனக்குச் சூடு பட்ட பிறகுதான் தெரிந்தது.

“படம் புடிக்கிறப்ப நான் கயித்துக்கு அந்தப் பக்கந்தானே நின்னேன்” என்றாள் தங்கம்மா. “ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல்லியே. பொறகு படத்துல கேட்டிச்சே. அந்தக் கொரல் ஒங்களுது இல்லியா?”

“மைக்ல போட்டா அப்புடித்தான் வரும்னு ஒனக்குப் பொய் சொன்னேன்.”

“ரேசரப் புடுங்குன அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே!”

“எப்புடிச் சொல்ல? அன்னைக்கே கோயில்ல மாலை போட்டுட்டாங்க. பைப்படியில நின்னுக்கிட்டு நீ ‘எங்க வீட்டுக்காரரு’ன்னு ஊர்ச் சனத்துக்கிட்டப் பெருமையாச் சொன்ன. கலியாணம் கட்டி அதுக்கு மொத அப்புடி ஒரு நாளும் சொன்னதில்ல. ரெண்டாம் பாகம் ஆறு மாசத்துல வந்திரும், எல்லாம் தானா முடிஞ்சிரும்னு நெனைச்சேன்.”

நந்தினி எழுந்தாள். “மொத வரன் போனப்பவும் ஒங்களுக்கு இது தெரியும். இல்லியாப்பா?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு காற்றுக்குள் இறங்கி நடந்தாள். நிரஞ்சன் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் திரும்பி வந்து, “வீட்டுல விட்டுட்டேன். நான் கலேவெல போறேன் மாமா. அம்மாவுக்கு இத எப்புடிச் சொல்றதுன்னே வெளங்கல்ல” என்றான். பையன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் திகைத்துப்போய் நின்றான்.

அன்று பொழுதுபடும் வரை சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தங்கம்மா கத்தாத வீட்டை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மில்லைப் பூட்டப்போகும் நேரத்தில் அவளே சுளகோடு வந்து நின்றாள். விட்டுப்போன மிளகைப் புடைக்க உட்கார்ந்தாள். தூசி பறந்தது, இரண்டு பேரும் தும்மினோம்.

“அக்கா, சபதம் இல்ல, சரி. ஆனா சொன்னது சொன்னதுதானே?”

“என்னத்தச் சொன்னாரு? பஸ் போற ஊருப் பேருதானே!”

“ஏறச் சொல்லியிருக்காருக்கா. சூடம் கொளுத்தி வச்சிக்கிட்டு, அம்மனப் பாத்து ஏறுங்க ஏறுங்கன்னு கூப்புட்டிருக்காரு. வில்கமுவ வரைக்கும்னு எடத்தையும் சொல்லி, முன்னால சீட் இருக்குன்னும் சொல்லிப்புட்டாரு. சொல்லிட்டு, ரைட்டுன்னு தட்டிட்டு வந்துட்டாரு. மூணு வருசமா அந்த வழியாலதான் பஸ் போவுது. அவ ஏறக் காத்துக்கிட்டு நின்னுருப்பாளே!”

நான் மிளகு மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவளை என்ன செய்வது? படத்துக்குக் கதை எழுத இவளைக் கூப்பிட்டிருந்தால் ஓர் ஓட்டை விழுந்திருக்காது.

மறுநாள் மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நானும் அந்தப் பஸ்ஸில் ஏறினேன். தங்கம்மா கையோடு இழுத்துப் போனாள். அம்மனை வில்கமுவவில் கொண்டுபோய் இறக்கினால் சொன்னது தீரும், பிறகு சிரைக்கலாம் என்பது அவள் புதுத் தீர்ப்பு. நந்தினியும் வந்தாள். தாடி போவதைக் கண்ணால் பார்க்கத்தான் போலிருக்கிறது. பின் ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தகப்பன் பக்கம் திரும்பாமலே வந்தாள். புளியடிக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி, செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, வேப்பிலை வைத்து, அம்மன் முன்னால் சூடம் காட்டி, “வாம்மா, ஏறு” என்று தங்கம்மா கூப்பிட்டாள். பஸ்ஸில் எந்த ஸீட் அம்மனுக்கு? மதகுருமாருக்கென்று ஒதுக்கிய முன் ஸீட்தான். செம்பை அதில் வைத்தார் சண்முகராஜா.

நாலந்தாவில் ஒரு ஹாமுதுரு, பௌத்த பிக்கு, ஏறினார். அவருக்குரிய ஸீட்டில் செம்பும் வேப்பிலையும் இருப்பதைக் கண்டு இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சண்முகராஜா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, அம்மன், வில்கமுவ வரைக்கும் போகிறா என்று சொன்னார். பஸ்ஸே மூச்சு விடாமல் பார்த்தது. ஹாமுதுரு காவியைக் கொஞ்சம் ஒதுக்கி, பக்கத்து ஸீட்டில் அமர்ந்தார். நாவுல இறக்கத்தில் பஸ் குலுங்கியபோது செம்பு சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

வில்கமுவவில் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. வீதியோரம் நெல் காய்ந்தது. டிராக்டர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தங்கம்மா அங்கிருந்த அரச மரத்தடியில் செம்புத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டாள். பிறகு சண்முகராஜா சலூனில் போய் உட்கார்ந்தார். சலூன்காரர், தாடியைக் கண்டு பயந்து, சாமிக்காரரை எப்படிச் சிரைப்பது என்று பின்வாங்கினார். நாங்கள் சொல்லிச் சம்மதிக்கவைத்தோம். கொண்டையும் தாடியும் தரையில் விழ விழ உள்ளே இருந்து ஒரு கிழ முகம் வெளியே வந்தது. ஒட்டிய கன்னம், வெளிறிய தாடை. நந்தினி வாசலில் நின்று பார்த்தாள். அந்த முகத்தை அவளும் எதிர்பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே திரும்பிவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாக ரொட்டிப் பார்சலைப் பிரித்தேன். அப்போதுதான் தங்கம்மா வாயைத் திறந்தாள்.

“அக்கா, அம்மனக் கொண்டாந்து விட்டுட்டோம். திரும்பிக் கூட்டிக்கிட்டுப் போவணுமே? எந்த பஸ்ல வருவான்னு எப்புடித் தெரியும்? அவ புளியடிக்கு வந்து சேராம வீட்டுல மங்கள காரியம் எப்புடிச் செய்றது? எதுக்கும் இந்த வருசம் போவட்டும்...”

எனக்குத் தொண்டையில் ரொட்டி அடைத்தது. நந்தினி தாயை நேராகப் பார்த்தாள்.

“மூணாம் பாகமாம்மா?” என்றாள். சத்தம் போடவே இல்லை. “அதுக்கு நான் இருக்க மாட்டேன்.”

திரும்பும் பஸ்ஸில் எல்லாரிடமும் டிக்கட் போட்டுக்கொண்டு வந்த சண்முகராஜா மகளைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள்.

“நாவுலைக்கு ஒண்ணு.”

“ஒனக்கெதுக்கு டிக்கட்?”

“நாவுலையில எறங்கி பஸ் மாறிக் கலேவெல போறேன். படம் முடிஞ்சிருச்சின்னு அவங்க அம்மாக்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அவர் டிக்கட்டைக் கிழிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். எலஹெரவில் இறங்கிய சனமும் ஏறிய சனமும் அவரை இடித்துக்கொண்டு போயின. முன்னால் இருந்த தங்கம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. வெறும் செம்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவுல வந்தது. நந்தினி இறங்கினாள். சண்முகராஜா டிக்கட் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார்.

“கொஞ்சம் பாத்துக்கங்கக்கா. மொதலாளிக்கிட்ட நான் பேசிக்கிறேன். காவல்காரன் சாகல்லன்னு அந்த அம்மா கண்ணால பாக்கட்டும். நடந்தத என் வாயாலயே சொல்றேன்.”

“ஐயோ, நான் மில்லுக்காரி! எனக்கு இது...” நான் சொல்லி முடிக்கவில்லை. மனுஷன் மகளுக்குப் பின்னால் குதித்துவிட்டார். நந்தினி திரும்பிப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வரும் வரை நின்றாள்.

அப்போதுதான் தங்கம்மா ஜன்னல் வழியே கண்டாள். “என்னாங்க! எங்க போறீங்க? ஏய் நந்தினி!” கண்ணாடி இறுகிப்போய் அசையவில்லை. அவள் அதில் அடித்தாள். வெளியே சண்முகராஜா அவளைப் பார்த்து என்னவோ சொன்னார். நீளமாகத்தான் சொன்னார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லி முடித்து, பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பிவிட்டது.

“என்னாக்கா சொன்னாரு? வாய் அசைஞ்சிச்சே, ஒண்ணும் கேக்கல்லியே!” தங்கம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

எனக்கு மட்டும் கேட்டதா என்ன? தாடியில்லாத வாய் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் பையைச் சரியாக மாட்டிக்கொண்டேன்.

“‘ஆவணியிலயே கலியாணம். இது சத்தியம். நீ போயி மணையக் கழுவி வையி’ன்னு சொன்னாரு.”

தங்கம்மா பின்னால் திரும்பி நாவுலச் சந்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் கலேவெலப் பக்கத்து பஸ்ஸுக்காக வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“சொன்னது சொன்னதுதானேக்கா?”

“சொன்னது சொன்னதுதான்” என்றேன்.